ஒரு மோட்டார் வண்டியின் மூன்று விலைகள்



ஒரு பொருளின் விலையை அறிதல் எளிது. அவ்விலை எதனைக் குறிக்கின்றது என்று அறிதலே அரிது. பழைய அமெரிக்க ஆடம்பர மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர், அன்று இத்தனை ஆயிரம் டொலர், இன்று இத்தனை இலட்சம் டொலர் என்று கூறி வியந்து நின்றுவிடுவர். அவ்விரு தொகைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது என்பதை, டியூசன்பேர்க் என்னும் வண்டியின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

பிரட் டியூசன்பேர்க், ஓகஸ்ட் டியூசன்பேர்க் என்போர் உடன்பிறந்தார் இருவர். ஜேர்மனியிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் குடியேறியவர்கள். அவர்கள் அமைத்த பந்தய வண்டி 1921ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் பெரும் பந்தயத்தில் முதலிடம் பெற்றது. இண்டியானாபொலிஸ் நகரத்து ஐந்நூறு மைல் பந்தயத்திலும் 1924, 1925, 1927ஆம் ஆண்டுகளில் அவர்களது வண்டிகளே வென்றன. ஆயினும், பந்தயத்தில் வெல்லும் கை வாணிபத்திலும் வெல்லும் என்பது நியதியன்று. நலிவுற்றிருந்த அவர்களது கம்பனியை 1926ஆம் ஆண்டில் எரட் லொபன் கோர்ட் என்னும் தொழிலதிபர் வாங்கினார். செலவைப் பாராது, தலைசிறந்த வண்டியொன்றை ஆக்கித் தருமாறு பிரட்டை அவர் வேண்டினார்.

அவ்வாறு பிறந்ததே 'ஜே' மாதிரி வண்டி. 1928ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரக் கண்காட்சியில் அது மக்கள் முன் வைக்கப்பட்டது. அதன் இயந்திரத்தின் ஆற்றல் 265 குதிரைவலு எனக் கம்பனி அறிவித்தது. அக்காலத்துப் பொதுமக்களின் வண்டியாகிய போர்ட் 'ஏ' மாதிரியின் ஆற்றலோ 40 குதிரைவலுவே.

இனி முதலாவது விலைக்கு வருவோம். கம்பனி விற்றது முழு வண்டியன்று. சில்லுகளும் இயந்திரமும் பொருத்திய அடிச்சட்டம் மாத்திரமே. அதன் விலை 8,500 டொலர். பின்னர் அது 9,500 டொலராயிற்று. வாங்குபவர் அதனைத் தாம் விரும்பிய பட்டறைக்கு அனுப்பி, தமது மனத்துக்கேற்ற மேற்கூட்டைக் கட்டுவித்துக்கொள்வார். ஆகவே வீதியில் இறங்கும்போது வண்டியின் விலை பெரும்பாலும் 13,000 டொலரைக் கடந்துவிடும். 1933ஆம் ஆண்டிற் சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஒரு வண்டியின் விலை 20,000 டொலர். அந்த விலையே அதற்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது.

இத்தொகைகளை உழைப்பினால் அளந்து பார்ப்போம். 1929ஆம் ஆண்டின் இறுதியிற் போர்ட் தொழிற்சாலையில் ஆகக் குறைந்த நாட்கூலி 7 டொலராக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை செய்யும் தொழிலாளி 2,100 டொலர் பெறுவான். ஏறக்குறைய 500 டொலர் விலையுள்ள போர்ட் வண்டி அவனுக்கு எழுபது நாளைய கூலி. டியூசன்பேர்க் வண்டியோ ஆறாண்டுக்கு மேற்பட்ட கூலி. அதுவும் உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்தால். முதல் விலை குறித்தது இந்த இடைவெளியையே.

அதே 1929ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பங்குச் சந்தை வீழ்ந்தது. செல்வர் பலர் வறியராயினர். செல்வம் குன்றாதவரும் பசித்த மக்கள் வரிசையில் நிற்கும் வீதியில் இத்தகைய வண்டியைச் செலுத்தக் கூசினர். 1932ஆம் ஆண்டில் வண்டி விபத்தொன்றிற் காயமுற்ற பிரட் டியூசன்பேர்க் சில வாரங்களில் உயிர் நீத்தார். 1937ஆம் ஆண்டிற் கம்பனியும் மூடப்பட்டது. அதுவரை ஆக்கப்பட்ட 'ஜே' வண்டிகள் ஏறத்தாழ 480.

இரண்டாவது விலையைப் பலர் எடுத்துரைப்பதில்லை. 1940களில் இவ்வண்டிகள் சில நூறு டொலருக்குக் கைமாறின. காரணம் தெளிவு. உதிரிப்பாகம் தருவதற்குக் கம்பனி இல்லை. எரிபொருட் செலவு மிகுதி. போர்க்காலத்திற் பெற்றோலோ பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. வண்டியின் தோற்றமும் பழையதாகிவிட்டது. இரும்பு மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. அதனை வேண்டுவோர்தாம் இல்லாது போயினர்.

பின்னர் அதனை வேண்டுவோர் மீண்டும் தோன்றினர். 1952ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் கூடி இவ்வண்டிகளுக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1974ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்து ஓபேர்ண் நகரில், கோர்ட் நடத்திய கம்பனியொன்றின் பழைய காட்சிக்கூடமே நூதனசாலையாயிற்று. கவனிப்பாரற்ற பொருள் பழம்பொருளாயிற்று; பழம்பொருள் அரும்பொருளாயிற்று. 2011ஆம் ஆண்டு 'ஜே' வண்டியொன்று ஏலத்தில் ஒரு கோடியே மூன்று இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. 1935ஆம் ஆண்டில் இரண்டே இரண்டாக ஆக்கப்பட்ட குறுகிய வகை வண்டிகளுள், திரைப்பட நடிகர் கரி கூப்பரிடம் இருந்தது, 2018ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் இரண்டு கோடியே இருபது இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அந்நாள்வரை ஏலத்தில் எந்த அமெரிக்க வண்டியும் அவ்விலையை எட்டியதில்லை.

டொலரின் மதிப்பு வீழ்ந்ததே இவ்வுயர்வுக்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 1935க்கும் 2018க்கும் இடையில் அமெரிக்காவிற் பொருள்களின் பொது விலை ஏறத்தாழப் பதினெட்டு மடங்காயிற்று. கூப்பரின் வண்டி அன்று 20,000 டொலர் பெறும் என்று மிகைப்படவே வைத்துக்கொண்டாலும், 2018ஆம் ஆண்டின் நாணயத்தில் அது மூன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்படும். விற்ற விலையோ அதனைப் போல் அறுபது மடங்கு. மறுபுறம், இலட்சக்கணக்கில் ஆக்கப்பட்ட போர்ட் 'ஏ' வண்டி, நல்ல நிலையிலிருந்தாலும், இன்று இருபதினாயிரம் டொலர் அளவிற் கிடைக்கும். ஆகவே நாணயத்தின் வீழ்ச்சி இவ்வுயர்வின் ஒரு சிறு பங்கையே விளக்கும். எஞ்சிய பெரும்பங்கு அருமைக்கும் நினைவுக்கும் செல்வர்தம் போட்டிக்கும் உரியது.

முதல் விலையிலிருந்து தொழிலாளி கூலி பெற்றான். பட்டறைக்காரன் தன் பங்கைப் பெற்றான். மூன்றாவது விலையில் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. தம்பியாகிய ஓகஸ்ட் டியூசன்பேர்க் 1955ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். எண்ணாயிரத்து ஐந்நூறு டொலர் என்ற விலையையும் அவர் கண்டார். தமது குடும்பப் பெயர் தாங்கிய வண்டி சில நூறு டொலருக்கு விலைபோனதையும் கண்டார். கோடிகளைக் காண அவர் இருக்கவில்லை. ஆதலின், நேயர்களே, பழைய வண்டியொன்றின் விலையைக் கேட்டு வியக்கும்போது, அது எந்த ஆண்டின் விலை, யார் கைக்குப் போய்ச் சேர்ந்த விலை என்னும் இரண்டையும் உடன் கேட்டல் நன்று.