வண்டிகளுக்கு மின்னூட்டும் கலை

மல்லசமுத்திரத்துச் சாலையில் நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டுத் துளைப்பொறி வண்டிகளும் ஓயாது செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இத்தனை வண்டிகளும் மின்சாரத்தால் இயங்குமாயின், அவற்றுக்கு எங்கே, எப்பொழுது மின்னூட்டுவது?

இவ்வினா புதியதன்று. 1897ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் வாடகை மின்வண்டிகள் ஓடின. நிற்கும் வண்டிக்குக் கூலி ஏது? ஆதலின், நிலையத்தில் தீர்ந்த மின்கலத்தை இறக்கிவிட்டு, நிறைந்த கலத்தைச் சில நிமிடங்களில் ஏற்றி அனுப்பினர். நல்ல சூழ்ச்சிதான்! எனினும் அவசரமாகப் பல நகரங்களிலும் தொழிலை விரித்தனர். 1907இல் அந்நிறுவனம் நொடித்தது.

சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிக்குக் கலமே வேண்டியிருக்கவில்லை. கம்பியே உடன் வந்தது.

2025 ஜூன் 30ஆம் நாள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. இத்தகைய பணிமனைக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு வண்டிகள், ஒவ்வொன்றும் நூறு கிலோவாட் வீதம், ஒருங்கே மின்னூட்டம் பெற்றால் 10,000 கிலோவாட் வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம் போதுமெனின், எட்டு மணி இரவை நான்கு முறையாகப் பகுத்தால் 2,500 போதும். ஏரிநீரை முறைவைத்துப் பாய்ச்சும் நம் உழவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இரவில் மனை திரும்பும் பேருந்துக்கே இம்முறை பொருந்தும். மாதக்கணக்கில் வடநாட்டில் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு வண்டிக்கோ, வழிநெடுக நிலையங்கள் வேண்டும்.