தங்கச்சியின் இடது கை

நாலு கிலோவுக்கு மேல் நிறை, தோள் சிக்கிப் பிறந்தவள் தங்கச்சி. மட்டக்குளி வீட்டில் பாயில் கிடத்தினால் வலது கை காற்றை அளையும். இடது கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்னால் திரும்பிக் கிடக்கும். சுளுக்கு என்று அம்மம்மா நல்லெண்ணெய் தடவினார். கோளாறு, பிறக்கும்போது இழுபட்ட கழுத்து நரம்பில் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட கையைப் பற்றி ஸ்கொட்லாந்து மருத்துவர் வில்லியம் ஸ்மெல்லி எழுதிவைத்தார். அவர் இறந்த பின், 1764இல் அது நூலாக வந்தது. 1874இல் மருத்துவர் எர்ப், ஐந்தாம் ஆறாம் கழுத்து நரம்பு வேர்கள் சேரும் இடத்தில்தான் கோளாறு என்று காட்டினார். 1903இல் கிளாஸ்கோவில் மருத்துவர் கென்னடி கிழிந்த நரம்பைத் தைத்தார். பின்னர் நுண்ணறுவைச் சிகிச்சையை வளர்த்தவர் பாரிஸ் மருத்துவர் ஜில்பேர். கத்தி வைப்பதா என்று தீர்மானிக்க, மூன்று மாதத்தில் முழங்கை மடங்குகிறதா என்பதே அவருடைய கேள்வி.

ஆனால் கத்தி மட்டும் கையைத் தராது என்பதைப் பொரளையில், ஆளுநர் றிட்ஜ்வேயின் மனைவி பெயர் தாங்கிய சிறுவர் வைத்தியசாலையில்தான் கண்டேன். வைத்தியர் முழங்கை மடங்குகிறதா என்று பார்த்தார். இயன்மருத்துவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்ப அம்மாவுக்குப் பழக்கினார். இன்னொருவர் கிலுக்கட்டியை இடப்பக்கமே நீட்டினார். ஒவ்வொரு முறை உடுப்பு மாற்றும்போதும் அம்மா அந்தக் கைப்பயிற்சியைச் செய்தார். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை தானாகவே தேறும். அப்போதும் மூட்டு இறுகாமல் காப்பது இந்தப் பயிற்சிதான்.

பதினோராம் வாரம், தங்கச்சி இடது கையால் அம்மாவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தாள்.