இறுதிநாளில் இசை

நோயை நீக்க இயலாத நிலையிலும் நோயாளிக்கு ஆற்ற வேண்டிய கடமை உண்டு என்பதை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967ஆம் ஆண்டில் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி உடலை மட்டும் சார்ந்ததன்று. உள்ளம், உறவு, ஆன்மா ஆகியவற்றின் துயரும் அதனுள் அடங்கும் என்றார். அதனை ‘முழுவலி’ என்னும் கருத்தாக வகுத்தார்.

அங்குச் சென்று கற்றுத் திரும்பிய மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், 1975இல் கனடாவின் மொண்ட்ரியால் நகரிலுள்ள ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். ‘ஹாஸ்பிஸ்’ என்னும் சொல் அந்நகரின் பிரெஞ்சு மக்களுக்கு ஆதரவற்றோர் விடுதியை நினைவூட்டியது. ஆகவே, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிக்கும் பொருந்திய ‘பேலியேட்டிவ் கேர்’ என்னும் பெயரைத் தேர்ந்தார். நோய்த்தணிப்புப் பராமரிப்பு என நாம் வழங்குவது அதனையே.

அப்பிரிவில் இசைச் சிகிச்சையாளராகப் பணியாற்றியவர் சூசன் மன்றோ. அவரும் மவுண்டும் இணைந்தெழுதிய கட்டுரை 1978இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. மருந்து எட்டாத அச்சத்தையும் தனிமையையும் இசை தணிக்கக்கூடும் என்பதை மருத்துவர்முன் வைத்த தொடக்ககால எழுத்துகளுள் அதுவும் ஒன்று.

எனினும், ஒருவரை ஆற்றும் பாடல் மற்றொருவரின் துயரைக் கிளறலாம். சொல்லைத் தேர்ந்தது போலவே, பாடலையும் நோயாளியின் நிலையில் நின்றே தேர்தல் வேண்டும். “எந்தப் பாடலைக் கேட்க விரும்புகிறீர்கள்?” என்னும் வினாவே இச்சிகிச்சையின் முதற்படி. அதற்கு விடையாவது பலகாலும் இளமையில் பழகிய தாய்மொழிப் பாடலே. ஆசிரியப் பெருமக்களே, இன்று வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பாடல், ஒரு மாணவரின் இறுதிநாளிலும் துணைநிற்கக்கூடும்.