நவாபின் வீட்டு வானம்

வீட்டு முற்றத்தில் தொலைகாட்டியை நிறுத்தி, அதனோடு கெமராவைப் பொருத்தி, விண்ணின் ஆழத்திலுள்ள நட்சத்திரக் கொத்துகளையும் வான்முகில்களையும் படம்பிடிப்பது இன்று உலகெங்கும் பலரது பொழுதுபோக்கு. அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிலாந்தில் தொடங்கி அமெரிக்காவில் முடித்துவிடுகின்றனர். ஹைதராபாத்தில் ஒரு நவாபின் வீட்டிலிருந்து தொடங்கிய அத்தியாயம் ஒன்றும் அதில் உண்டு. நமது இலக்கிய வட்டத்தில் அது பேசப்பட்டதாக நான் கேட்டதில்லை.

கண் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கலான ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. மருந்து பூசிய கண்ணாடித் தட்டு சேர்த்து வைக்கும். பாரசீகத்து அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி 964 இல் தமது நட்சத்திர நூலில் சிறு முகில் என்று குறித்துவைத்தது அந்திரொமீடாவை. கட்டட ஒப்பந்தகாரரான ஐசக் ரொபர்ட்ஸ், லிவர்பூலுக்கு அருகே தம் வீட்டு அவதான நிலையத்திலிருந்து 1888 டிசம்பர் 29 அன்று அதே முகிலைச் சுமார் நான்கு மணிநேரம் படம்பிடித்தார். அதன் சுருள் வடிவம் தட்டில் தெளிந்தது. அது நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள இன்னொரு நட்சத்திரக் கூட்டம் என்பது 1920களிலேதான் உறுதியாயிற்று.

இந்தக் காலத்தில்தான் நவாப் ஸஃபர் ஜங் இங்கிலாந்தில் கல்விகற்றுத் திரும்பினார். 1901 இல் 15 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கி, ஹைதராபாத் பிஸல்பண்டாவில் சொந்தச் செலவில் அவதான நிலையம் அமைத்தார். அதற்குத் தம் பெயரை அவர் இடவில்லை. நிஸாமியா என்று பெயரிட அனுமதி கேட்டார். தம் மறைவுக்குப் பின் அரசு அதைப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 1907 இல் அவர் காலமானார். 1908 இல் நிஸாம் அரசு நிலையத்தை ஏற்றது. பின்னர் அது பேகம்பேட்டைக்கு மாறியது. 1919 இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

முழு வானத்தையும் படம்பிடித்துப் பட்டியலிட 1887 இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் தீர்மானித்திருந்தனர். பல நாட்டு அவதான நிலையங்களுக்கு வானம் பங்கிடப்பட்டது. சிலி நாட்டின் சாந்தியாகோ செய்து முடிக்காத பங்கு, வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான வலயம், ஹைதராபாத்திடம் வந்தது. பின்னர் வடவானில் இன்னொரு வலயமும் சேர்ந்தது. 8 அங்குல ஒளிப்படத் தொலைகாட்டியால் எடுத்த ஒவ்வொரு தட்டும் சுமார் இரண்டு பாகை அகலம். நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் வரும் அகலம் அது. தட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் நுணுக்குக்காட்டியில் வைத்து அளந்தனர். ஆங்கிலேயரான சற்வூட், பொகொக் ஆகியோருக்குப் பின் 1918 இல் பொறுப்பேற்ற ரி. பி. பாஸ்கரன் இப்பணியைத் தொடர்ந்தார். 12 தொகுதிகளில் 763,542 நட்சத்திரங்கள் பதிவாயின.

நிஸாமியாவில் உதவியாளராயிருந்த ஒருவரின் மகன்தான் வேணு பாப்பு. 1927 இல் பிறந்த அவர் ஹைதராபாத் அரசின் புலமைப்பரிசிலில் ஹாவார்ட் சென்றார். 1949 இல் அங்கே ஒளிப்படத் தட்டொன்றில் புதிய வால்வெள்ளியைக் கண்டார். வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அவதான நிலையத்தை உருவாக்கியவரும் அவரே. அங்குள்ள 2.34 மீற்றர் தொலைகாட்டி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஹைதராபாத் தட்டுகளின் பயன் இதனோடு முடியவில்லை. 1989 இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் செய்மதி அளந்த இடங்களைப் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டே, 25 இலட்சம் நட்சத்திரங்களின் நகர்வைக் கூறும் டைக்கோ-2 பட்டியல் 2000 இல் வெளியாயிற்று. அந்தப் பழைய பட்டியல்களுள் ஹைதராபாத்தின் 12 தொகுதிகளும் அடங்கும். ஏறத்தாழ எண்பது ஆண்டு காத்திருந்த அளவீடுகள் இல்லாவிடில், நட்சத்திரம் நகர்ந்ததா என்று கேட்கவே ஆதாரம் இருந்திராது.

வன்னியில் கிராமப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் எனக்கு இந்த வரலாற்றில் பெரிதாகப் படுவது, நவாப் தாம் சேர்த்ததைப் பொதுவிடம் ஒப்படைத்ததுதான். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2009 வரை இடம்விட்டு இடம் ஓடிய தமிழரும், கல்யாணப் படத்தையும் காணி உறுதியையும் பாடசாலைப் பதிவேட்டையும் இழந்த மண் இது. ஒரே வீட்டில் ஒரே பிரதியாக இருந்தது வீட்டோடு போயிற்று.

மாசி முன்னிரவில் ஒறியனின் காலடியில் ஒரு முயல் உடுத்தொகுதி தெரியும். அதன் பிரகாசமான நட்சத்திரம் அர்னப். அறபியில் முயல் என்று பொருள். அது ஹைதராபாத் அளந்த வலயத்திலேயே இருக்கிறது. சிரியஸுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள எம்-41 என்ற நட்சத்திரக் கொத்தும் அவ்வாறே. தெருவிளக்கு எட்டாத நமது வயல்வெளியில், கைபேசியை அசையாமல் நிறுத்தி முப்பது விநாடி திறந்துவைத்தால் அக்கொத்து படத்தில் விழும். படம்பிடிக்கும் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: திகதி, நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள், ஒரு பிரதியை வீட்டிலும் மற்றதைப் பாடசாலை நூலகத்திலும் வையுங்கள்.