பாப்பகோலேயா பச்சை மணல் கடற்கரை

பாப்பகோலேயா, பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவின் தென்முனையான கா லே அருகே ஒதுங்கிக் கிடக்கும் சிறிய கடற்கரை. மஹானா கடற்கரை என்றும் இதைச் சொல்வார்கள். பச்சை மணல் பரந்த கரைகள் உலகிலேயே மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

ஏறத்தாழ 49,000 ஆண்டுகளுக்கு முன், மௌனா லோவா எரிமலையைச் சேர்ந்த ஒரு வெடிப்பில் பூ மஹானா என்ற சாம்பல் குன்று உருவானது. அதன் ஒரு பக்கத்தைக் கடல் அரித்துவிட, மிஞ்சிய அரைவட்டச் சுவருக்குள் அமைந்ததே இந்தக் கரை. குன்றின் சாம்பலில் ஒலிவின் என்ற கனிமம் நிறைய உண்டு. இரும்பும் மக்னீசியமும் கலந்த இது கனமானது. லேசான சாம்பலை அலை வாரிக்கொண்டு போக, ஒலிவின் கரையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் கண்ணாடிபோல் மினுங்கும் பச்சை மணிகளுக்கு நடுவே எரிமலைப் பாறையின் கறுப்புத் துணுக்குகள் தெரியும். நகைகளில் பதிக்கும் பெரிடாட் கல்லும் இதே கனிமம்தான்.

தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து கரைக்குச் சுமார் 4 கிலோமீட்டர். வழியில் நிழலோ குடிநீரோ கிடையாது. காற்று பலமாக வீசும். கடைசியில் சரிவில் இறங்க வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத கடல் என்பதால் அலை மிகுந்த நாளில் நீரில் இறங்காதிருப்பதே நல்லது.

இந்த நிலம் ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்டது. வண்டிகள் ஓடி ஓடி மண்ணில் ஆழமான பள்ளங்கள் விழுந்துவிட்டன. வெளியார் வண்டி ஓட்டிச் செல்லத் தடை உண்டு. உள்ளூர்க்காரர் சிலர் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வார்கள் என்றாலும், உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு நடையே முறை.

எரிமலைத் தீவில் கரைகள் நிலையானவை அல்ல. 1990இல் கலாபனா ஊரையும் அதன் புகழ்பெற்ற கைமு கருமணல் கரையையும் கீலவேயா எரிமலைக் குழம்பு மூடியது. 2018இல் அதே எரிமலை கபோஹோ விரிகுடாவைத் தூர்த்தது; கடலில் விழுந்து சிதறிய குழம்பிலிருந்து போஹோயிக்கியில் புதிய கருமணல் கரை பிறந்தது. பாப்பகோலேயாவுக்கு அப்படிப் புது வரவு இல்லை. அதன் பச்சை மணல் முழுதும் அந்த ஒரு குன்று தருவது. குன்று கரைந்து தீர்ந்தால் மணலும் தீரும்.

மணல் எடுப்பதை மாநிலச் சட்டம் தடுக்கிறது. அங்கே போகிறவர்கள் காலணிக்குள் புகுந்த மணலையும் அங்கேயே தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும்.