செம்பில் வெட்டிய பெயர்கள்

பொலன்னறுவையை 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் தனது கல்வெட்டில் ஒரு செய்தியைப் பெருமையோடு குறிப்பிடுகிறான். ஓலையில் எழுதி வழங்கும் கொடைகளைக் கறையானும் எலியும் அழித்துவிடுகின்றன. ஆகவே நிலையான கொடைகளைச் செப்பேட்டில் பொறித்தே வழங்க வேண்டும் என்று அவன் ஆணையிட்டான். அவ்வாணை பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆனால் இத்தகைய ஆணைகளைச் செம்பில் வெட்டிய கைகள் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஓலையில் பிழை நேர்ந்தால் வேறோர் ஓலையை எடுத்துக்கொள்ளலாம். செம்பில் பிழை நேர்ந்தால் அவ்விடத்தைத் தட்டிச் சமப்படுத்தி, அதன்மேல் மீண்டும் வெட்ட வேண்டும். பழைய செப்பேடுகளில் அவ்வாறு திருத்திய இடங்களை இன்றும் காணலாம்.

சோழர் செப்பேடுகளில் இக்கைகளுக்குப் பெயர் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராசராசன் அளித்த ஊரைப் பதிவுசெய்யும் ஆனைமங்கலம் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் உள்ளன. நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் அது லைடன் செப்பேடு என்றே பெயர்பெற்றது. இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது; 1905இல் கிடைத்தது. இவற்றைப் பொறித்தவர்கள் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த ஒரே குடியினர். திருவாலங்காட்டில் கிருஷ்ணன் என்பவரின் மக்களோடு பேரனும் சேர்ந்து உளி பிடித்திருக்கிறான். அக்காலத்தில் ஒருவன் இத்தொழிலுக்குள் எவ்வாறு நுழைந்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சிறிய தந்தையர் வெட்டும் ஏட்டுக்கு அருகில் அமர்ந்தே அவன் கற்றிருக்க வேண்டும்.

கற்கும் முறை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. தொடங்குபவன் முதலில் கற்க வேண்டியது உளியைத் தீட்டுவதை. முனை மழுங்கினால் உளி வழுக்கும்; வழுக்கிய உளி தகட்டையும் கெடுக்கும், மறு கையையும் கிழிக்கும். அடுத்து, மென்மையான செப்புத் தகட்டில் ஒரே ஆழத்தில் நேர்கோடுகள். அவை கைவந்த பின்னரே வளைவுகள். வளைவு வெட்டும்போது உளி பிடித்த கை ஏறக்குறைய அசையாது நிற்க, மணல் நிரப்பிய தோற்பையின்மீது வைத்த தகட்டை மறு கை மெல்லத் திருப்பும். வளைவுகள் மிகுந்த தமிழ் எழுத்துக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரச கொடைகள் மறைந்த பின்னரும் உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் எமது வீடுகளில் தங்கியது. சீதனமாகக் கொடுத்த செம்பிலும் குடத்திலும் சிற்றுளியால் பெயர் வெட்டுவித்தோம். அது வெறும் அடையாளம் என்றே நானும் நினைத்திருந்தேன். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மறு ஆண்டு மக்கள் திரும்பியபோது செய்தி சேகரிக்கச் சென்ற இடத்தில், முதிய பெண்ணொருவர் இடிந்த அடுக்களையிலிருந்து எடுத்த பித்தளைக் குடத்தைக் காட்டினார். காணி உறுதி போய்விட்டது. குடும்பப் படங்களும் போய்விட்டன. குடத்தின் கழுத்தில் அவருடைய தாயாரின் பெயர் இருந்தது. அந்த வீடு யாருடையது என்று சொல்ல அவ்வேளையில் அவரிடம் எஞ்சியிருந்த எழுத்து அது ஒன்றுதான்.

நிசங்கமல்லன் கறையானை எண்ணிச் சொன்னது போருக்கும் பொருந்திற்று.

பின்னர் எவர்சில்வரும் மின்சாரப் பொறிப்புக் கருவியும் வந்தன. பழைய செம்பும் பித்தளையும் நிறைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. வாசகர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், ஊர் வீட்டுப் பாத்திரங்களை விற்பதற்கு முன் அவற்றின் கழுத்தையும் விளிம்பையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பெயர் இருந்தால் ஒரு படமேனும் எடுத்து வையுங்கள். பாட்டியின் பெயர் எழுத்தில் உள்ள ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம்.