பொருள்வழிக் கவனம்

பார்வைக் கவனம் இடத்தின் மீது மட்டுமன்றி, முழுப் பொருள்களின் மீதும் படிகிறது என்னும் உளவியல் கருத்தே பொருள்வழிக் கவனம். இரு பண்புகளை ஒருங்கே அறியவோ ஒப்பிடவோ வேண்டியிருக்கும்போது இது தெளிவாகப் புலப்படும். அவை ஒரே பொருளுக்கு உரியவையானால் வேலை எளிது. இரு பொருள்களில் பிரிந்திருந்தால் தாமதமோ பிழையோ கூடுகிறது. கவனத்தை நகரும் விளக்கொளியாக எண்ணியவர்கள், ஒளி எங்கே விழுகிறது என்பதே முக்கியம் என்றனர். 1984இல் ஜான் டங்கன் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. ஒரு பெட்டியையும் அதன் குறுக்கே ஓடும் கோட்டையும் அவர் கணநேரம் காட்டினார். பெட்டியின் அளவையும் அதன் இடைவெளி எப்பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்வது கடினமாக இல்லை. பெட்டியைப் பற்றி ஒன்றும் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல நேர்ந்தபோதோ துல்லியம் குறைந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தவை. ஆகவே தொலைவைக் காரணம் காட்ட முடியாது.

பெட்டியும் கோடும் வெவ்வேறு வடிவின, வேறுபாடு அதனால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். பேலிஸ், டிரைவர் ஆகியோரின் 1993ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. அவர்கள் காட்டிய படத்தில் நடுவில் ஒரு நிறம், இரு ஓரங்களிலும் வேறொரு நிறம். இரண்டும் சந்திக்கும் விளிம்புகளில் உள்ள முனைகளில் எது தாழ்ந்தது என்பதே கேள்வி. நடு நிறத்தை உருவமாகக் கொண்டால் இரு முனைகளும் ஒரே பொருளைச் சேரும். ஓர நிறத்தைக் கொண்டால் இரு பொருள்களைச் சேரும். கண்ணில் விழும் கோடுகள் மாறவே இல்லை. ஆயினும் இரண்டாம் நிலையில் விடை தாமதமாகவே வந்தது. இத்துறையின் சான்றுகளில் இதுவே மிக வலியது எனலாம்.

ஷோம்ஸ்டைன், யான்டிஸ் இருவரும் 2002இல் இன்னும் ஆழமான மறுப்பை முன்வைத்தனர். தேட வேண்டிய இடம் முன்பே உறுதியாகத் தெரிந்தால் பொருளின் செல்வாக்கு மறைகிறது. ஆகவே அது தேடலில் எதற்கு முன்னுரிமை என்னும் உத்தி மட்டுமே என்பது அவர்கள் வாதம். ஆரோக்கியமானவர்கள் இடத்தைத் தேடும் பணிகளுக்கு இது பெரிதும் பொருந்தும். ஆனால் மூளைப் பாதிப்பால் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே காணக்கூடிய நோயாளிகளை உத்தி என்ற ஒன்றால் விளக்கிவிட முடியாது. திரையில் உள்ள வட்டங்கள் ஒரே நிறமா, இரு நிறங்களா என்று சொல்ல அத்தகையோர் திணறுவதை ஹம்ப்ரீஸ், ரிடக் ஆகியோர் 1993இல் விவரித்தனர். வேறுவேறு நிற வட்டங்களை இரண்டிரண்டாகக் கோட்டால் இணைத்ததும் அவர்களின் விடைகள் மேம்பட்டன. ஒரே நிற வட்டங்களை இணைத்தபோது அந்த அளவுக்குப் பயன் கிட்டவில்லை.